பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

பாளையங்கோட்டை, சமாதானபுரம் தாண்டி
இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், என் கடை.
மடத்திலிருந்து வேலை வந்தது:
பொன்விழா மலர், நாற்பத்தெட்டுப் பக்கம்,
அட்டை காப்பிக்கொட்டை நிறத்தில்,
அவர்கள் உடுப்பின் நிறம்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓ.சி.டி.
தட்டச்சுப் பையன் ரூபன் சிரித்தான்:
"அண்ணாச்சி, இவங்க எல்லாருக்குமா
கையக் கையக் கழுவுத வியாதி?"
லேய், அது சபைப் பேரு என்றேன்.
என்ன பேரு என்றான்.
எனக்கும் முழுசாகத் தெரியாது.

கார்மேல் தெரியும், மலை.
கடைசி எழுத்தில்தான் சிக்கல்.
இலத்தீனில் அதற்குச் செருப்பில்லாதவர் என்று பொருள்.
செருப்புப் போட்ட கார்மேலும் தனியே உண்டாம்.
நானூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினில்
சிலர் கழற்றினார்கள்,
சிலர் மாட்டேன் என்றார்கள்,
ஒரு சபை இரண்டானது.

வெள்ளிவிழா மலரில் யாரோ ஒரு சாமியார்
'பாதரட்சை தரியாத' என்று போட்டிருந்தார்.
அதை வைத்தால் ரூபன் மறுபடி சிரிப்பான்.
'காலணி அணியாத' என்று அடித்தேன்,
பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது.
'வெறுங்கால்' என்று அடித்தேன்,
உவரி அந்தோணியாருக்கு நேர்ச்சை போட்டவன்
ஒருநாள் நடந்து வருகிற மாதிரி.
'காலணி களைந்த'.
இது அழகு. இதையே வைக்கலாம்.
ஆனால் களைவதற்கு
முதலில் இருந்திருக்க வேண்டுமே.

விரல் அங்கே நின்றுவிட்டது.

எங்கப்பா தொம்மை
வள்ளியூர்ச் சந்தையில் வாங்கியது டயர் செருப்பு.
மேலத்தெரு முக்கு வந்ததும்
காலை விட்டுக் கக்கத்துக்கு ஏறும் அது.
மாதா கோயிலும் அந்தத் தெருவில்தான்.
தெரு முடிந்ததும் இறங்கும்.
ஒன்பது வருஷம் உழைத்தது அந்த ஜோடி.
நல்ல உருப்படி என்று
வாங்கின கடையைப் பாராட்டுவார்.

களைந்த, செய்வினை.
களையப்பட்ட, செயப்பாட்டுவினை.
இலத்தீன்காரனுக்கு இரண்டுக்கும்
ஒரே சொல் போதும் போல.

மறுநாள் புரூஃபோடு போனேன்.
கதவுக்கு வெளியே செருப்பை விட்டேன், பழக்கம்.
பங்குனி வெயிலில் கல் சுட்டது.
உள்ளே கம்பி அழி,
அதற்கு அப்பால் கறுப்புத் துணி.
துணி விலகியது.
மதர் வியாகுலமேரி, ஓ.சி.டி.,
அறுபத்தாறு வயசு.
காலில் எம்.சி.ஆர். செருப்பு, நீலப் பட்டை,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே விற்பது.
நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.
"சர்க்கரை. வீட்டுக்குள்ளயும்
கழத்தக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

சொல்லைப் பற்றிக் கேட்டேன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எந்த ஊரு நீங்க?"
சொன்னேன்.
எந்தத் தெரு என்று கேட்கவில்லை.
"நான் நாங்குநேரிக்குக் கிழக்கே" என்றார்.
நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு வயசுல உள்ள வந்தேன்.
அன்னிக்கே ஒரு உடுப்பு, ஒரு செபமாலை,
ஒரு ஜோடி கயித்துச் செருப்பு குடுத்தாங்க.
என் காலுக்கு அதுதான் மொத செருப்பு.
முத்தத்தையே சுத்திச் சுத்தி நடந்தேன்.
பயிற்சித் தாயார் அதட்டுத வரைக்கும் நிறுத்தல."

அழியின் இந்தப் பக்கம்
என் வெறுங்காலைப் பார்த்தேன்.

அப்போ என்ன சொல் போடட்டும், மதர்?

மணி அடித்துவிட்டது.
சிரித்தாரா தெரியவில்லை, துணி மூடிவிட்டது.
துணிக்குப் பின்னால்
நீளமான ஒரு நடைகூடத்தில்
டப் டப் என்று ரப்பர் சத்தம்
அவசரமே இல்லாமல் போனது.

மூன்றாம் பக்கத்தில்
மூன்று எழுத்தையும் அப்படியே விட்டேன்.
"அடிக்குறிப்பு எங்க அண்ணாச்சி?" என்றான் ரூபன்.
இடமில்லை என்றேன்.
அரைப்பக்கம் காலியாகத்தான் கிடந்தது.

மடத்திலிருந்து ஒரேயொரு குறை வந்தது:
அட்டையின் நிறம் கொஞ்சம் கறுத்துவிட்டதாம்.